ராகுகாலத்துக்கு முன் இறுக்கிய புஷ்

சித்தப்பாவின் மகன் கனடாவிலிருந்து என் கைபேசிக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்றில் காரின் முன்சில்லுக்குப் பூட்டுகிற எட்டுக் கறுப்பு றப்பர் புஷ்கள். மற்றதில் அதே அளவில் எட்டுச் சிவப்பு புஷ்கள். பல்லால் கடித்தாலும் அடையாளம் விழாத ஏதோ ஒரு பிளாஸ்ரிக். அவனுடைய அப்பா ஓடிய பழைய ஏ ஃபோட்டிக் கார் இடப்பெயர்வுகளுக்கெல்லாம் தப்பி, எங்கள் ஊரில் ஒரு கொட்டிலுக்குள் கிடக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை வந்து அதைத் துடைத்துப் படம் எடுத்துப் போகிறவன், இந்த முறை ஓட்டியே காட்டுவதென்று நிற்கிறான். "அக்கா, முன்பக்கத்துக்கு எந்தப் புஷ் நல்லது?" என்று கேட்டிருந்தான்.

ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வி அல்ல இது. ஆனால் எல்லா நடைமுறையும் தெரிந்தவள் என்ற பெயர் எனக்குக் குடும்பத்தில் உண்டு. பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்துவதற்கும், காணி உறுதிக்குப் பிரதி எடுப்பதற்கும், இன்னும் உயிரோடு இருப்பதாக ஓய்வூதியத் திணைக்களத்தை நம்பவைப்பதற்கும் என்னிடம்தான் வருவார்கள். புஷ்ஷையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டான்.

றப்பர் என்று எழுதினேன். சிவப்பு நெடுங்காலம் உழைக்கும்தான். ஆனால் தெருவில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்குத் தனித்தனியாக அறிவிக்கும். றப்பர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். பிறகு இன்னொரு வரியும் சேர்த்தேன். நட்டைக் கடைசியாக இறுக்குவது நாலு சில்லும் நிலத்தில் ஊன்றிய பிறகுதான். காரைத் தூக்கிவைத்துக்கொண்டு, சில்லு தொங்க இறுக்கக்கூடாது.

"அக்கா, உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?"

நான் பதில் எழுதவில்லை. சித்தப்பாவின் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செத்தவர்களைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகளுக்கு எழுதுவதற்கும் ஒரு நடைமுறை உண்டு. அதை நான் அறிவேன்.

அந்தக் கார் முதலில் என் அப்பாவுடையது. மருதனார்மடம் சந்தியில் நிறுத்தி வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். சந்தையிலிருந்து மூட்டையோடு வருகிறவர்கள், பொம்பிளை பார்க்கப் போகிறவர்கள், ஆசுபத்திரிக்குப் போகிற கர்ப்பிணிகள் எல்லோரும் அதில்தான் போனார்கள். எனக்குப் பத்து வயது நடந்தபோது அவர் காய்ச்சலில் மூன்று நாள் படுத்து நாலாம் நாள் போய்விட்டார். அவர் விட்டுப் போனது அம்மாவையும், பதினெட்டு வயது அக்காவையும், என்னையும், கறுப்பு நிறக் கார் ஒன்றையும். இவற்றில் கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் எல்லோரும் விசாரித்தார்கள்.

அப்பாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் சித்தப்பா வந்தார். அப்பாவுக்கு இளையவர். பஸ் டிப்போவில் பழுது பார்க்கிறவர்களுக்கு மேலே போர்மன். ஒரு பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லக்கூடியவர் என்று பெயர்.

"மச்சாள், காரை என்ரை பேருக்கு மாத்திவிடுங்கோ. பொம்பிளையள் வைச்சுக் கட்டியாளேலாது. மாதா மாதம் ஏதேனும் தருவன்."

"இல்லைத் தம்பி," என்றாள் அம்மா. "றைவர் ஒருத்தரைப் பிடிச்சு ஓடவிடுவம். பிள்ளையளின்ரை சீவியம் உதிலைதான் இருக்கு."

"உங்கடை விருப்பம்," என்றார் சித்தப்பா. தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

அம்மா சொன்னது மிகை இல்லை. காணி எங்களுக்கு வீடு நிற்கிற அளவுதான். கார் ஓடினால் நாங்கள் எவர் வீட்டு வாசலிலும் நிற்கத் தேவையில்லை; கார் நின்றால் நிற்கவேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

லொறி ஓடிக் களைத்த அயலவர் ஒருவர் ஓட ஒப்புக்கொண்டார். சந்திவரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கதவைத் திறந்தபடியே அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, முன்பக்கம் அடிக்குது. புஷ் முடிஞ்சுது. அதை மாத்தாமல் நான் ஏறமாட்டன்."

புஷ் என்பது கைக்குள் அடங்கும் ஒரு சாமான். முன்சில்லைத் தாங்குகிற இரும்புக் கைக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் இருந்துகொண்டு, இரண்டு பக்கத்து அடியையும் வாங்கும். அது தேய்ந்துபோனால் இரும்பும் இரும்பும் நேரடியாகப் பேசத் தொடங்கும். குடும்பங்களிலும் அப்படி ஒருவர் தேவைப்படுவதுண்டு. எங்கள் குடும்பத்தில் அப்படி இருந்தவர் அப்பா என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

அது வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் நாட்டுக்குள் வராத காலம். சம்பல் இடிக்கிற செத்தல் மிளகாய் முதல் சைக்கிள் ரியூப் வரை எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் ஏதாவது மாற்று வைத்திருந்தார்கள். புஷ்ஷுக்கும் இருந்தது. லொறி ரயரை வெட்டிக் கடைந்தெடுத்தார்கள். வசதியானவர்கள் பித்தளையில் கடைந்தார்கள். அசல் றப்பர் எங்காவது பழைய கடையின் பின்னறையில் மிஞ்சியிருந்தால் உண்டு.

அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனாள். வெள்ளைச் சேலையோடு வந்த பெண்ணைக் கண்டதும் உதிரிப்பாகக் கடைக்காரர் வேட்டியைச் சரிசெய்தபடி எழும்பினார். மனிதர் கெட்டவர் இல்லை. மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"குறை நினையாதை தங்கச்சி. முதல் வியாபாரம் இன்னும் நடக்கேல்லை. உந்த வாங்கிலை கொஞ்சம் இரு. ஆரேனும் வந்து ஒண்டு வாங்கட்டும்."

கதவோரத்து மர வாங்கில் இருந்தோம். முக்கால் மணித்தியாலம் கழித்து ஒரு கிழவர் வந்து சைக்கிள் வால்வு றப்பர் ஒரு துண்டு வாங்கினார். அந்த வால்வுத் துண்டு எங்களுக்கு வழி திறந்துவிட்டது.

கடைக்காரர் மேசைமேல் மூன்று விதமும் பரப்பினார். "ஆம்பிளையள் எண்டால் பித்தளைதான் கேப்பினம். சாகும்வரை தேயாது," என்றார்.

அம்மா பித்தளையைத் தொடவில்லை. ரயரில் கடைந்ததை எடுத்து நகத்தால் அழுத்தினாள். உள்ளே நூல் தெரிந்தது. அசல் றப்பரை அழுத்தினாள். நகம் பதிந்த இடம் மெல்ல எழும்பிப் பழைய நிலைக்கு வந்தது. அதையே இரண்டு முறை செய்து பார்த்தாள்.

"இது தாங்கோ, அண்ணை. எட்டு."

"விலை கேக்கேல்லையே?"

"பிள்ளைப்பெறப் போறவளை ஏத்துற கார். பித்தளை போட்டால் ஆசுபத்திரி வாசல் காண முன்னம் பிள்ளை பிறந்திடும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "புருசன் ஓடேக்கை பின்சீற்றிலை இருந்து படிச்சிருக்கிறாய் போலை," என்றார். அம்மாவும் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான். என்ன விலை கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. தாலி கழற்றிய பிறகும் அவளுடைய கழுத்தில் மிஞ்சியிருந்த மெல்லிய சங்கிலியை மட்டும் அதற்குப் பிறகு நான் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கார் திருத்துகிற கராச்சுக்காரர் வீட்டுக்கே வந்தார். காரை உயர்த்திப் பனங்குற்றிகளில் நிறுத்தி, முன்சில்லு இரண்டையும் கழற்றி, பழைய புஷ்களைத் தட்டி வெளியே எடுத்தார். அவை பிட்டு மாதிரி உதிர்ந்தன. புதியதைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா வந்தார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டியபடி காரை ஒரு சுற்றுச் சுற்றினார். அசல் றப்பரைக் கண்டதும் கொஞ்சம் நின்றார்.

"மச்சாள் நல்ல சாமானாய்த்தான் எடுத்திருக்கிறியள்."

அம்மாவின் முகம் மலர்ந்தது.

எட்டும் பூட்டியாயிற்று. நட்டை இறுக்குவதுதான் மிச்சம். கராச்சுக்காரர் காருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணை, சில்லைப் பூட்டி, காரை இறக்கிப்போட்டு, ரெண்டு பேர் ஏறியிருக்க இறுக்குவம். றப்பரெல்லே. தொங்கிற மாதிரி இறுக்கினால் பிறகு முறுகிக்கொண்டு நிக்கும்."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஓடிப்போய் மணி பாத்துக்கொண்டு வா."

மணிக்கூடு பார்க்கத் தெரியும் என்பதில் எனக்கு அப்போது பெரிய கர்வம். ஓடிப்போய் ஓடி வந்தேன். "நாலு அடிச்சு ஆறு நிமிசம்!"

"நாலரைக்கு ராகுகாலம்," என்றார் சித்தப்பா. "இறக்கி ஏத்தி இறுக்க அஞ்சாகும்."

"அப்ப ஆறு மணிக்குப் பிறகு இறுக்குவம்," என்றார் கராச்சுக்காரர்.

"இருட்டுக்கை என்னத்தை இறுக்கிறது? விடிய றைவர் ஹயர் பேசியிருக்கிறார்." பிறகு சித்தப்பா குரலைத் தாழ்த்தி, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். "ராகுகாலத்திலை பூட்டின கார் எண்டு சந்தியிலை ஒரு கதை வந்தால் ஆர் ஏறுவான்? ஏற்கெனவே கார் ஆரின்ரை பேரிலை ஓடப்போகுது எண்டு எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லத் தேவையில்லை."

சொல்லத் தேவையிருக்கவில்லை. வால்வுத் துண்டுக்காக அந்த வாங்கில் இருந்தவள் அம்மாதான்.

"டிப்போவிலை எத்தினை பஸ்ஸுக்கு இப்பிடிப் பூட்டியிருப்பம்," என்றார் சித்தப்பா. "ஒண்டும் நடக்காது."

"தம்பிக்குத் தெரியும்தானே," என்றாள் அம்மா. "இறுக்குங்கோ."

கராச்சுக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு அடியில் போனார். நான் மணிக்கூட்டுக்கும் காருக்குமாக ஓடி ஓடி, நிமிடங்களைக் கத்திக்கொண்டிருந்தேன். "நாலு இருவது! நாலு இருவத்தஞ்சு!" நாலு இருபத்தெட்டுக்குக் கடைசி நட்டு இறுகியது. ராகுவை நான்தான் தோற்கடித்தேன் என்ற எண்ணம் எனக்கு. சித்தப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"ரெண்டு நாள் ஓடினாப்போலை கராச்சுக்குக் கொண்டுவாங்கோ. தளர்த்தி ஒருக்கா இறுக்கித் தாறன்," என்றார் கராச்சுக்காரர்.

"ஓமோம், நான் பாக்கிறன்," என்றார் சித்தப்பா.

அவர் பார்க்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் பதிவில் வைக்கவேண்டும். சித்தப்பா பஞ்சாங்கத்தைக் கேலி செய்கிறவர். புதுவீட்டுக்கு அட்டமியில் குடிபுகுந்து, அதைத் தேநீர்க் கடையில் சொல்லிச் சிரித்தவர். அவருடைய வாழ்நாளில் ராகு அவருக்குத் தேவைப்பட்டது அந்த இருபத்துநாலு நிமிடங்கள் மட்டும்தான்.

முதல் மூன்று கிழமையும் கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு கர்ப்பிணி வலியோடு போய்ப் பிள்ளையோடு அதே காரில் திரும்பி வந்தாள். அம்மா அந்தச் செய்தியை மூன்று வீட்டுக்குச் சொன்னாள்.

நாலாம் கிழமை, ஒரு கலியாண வீட்டுக்கு அளவெட்டியிலிருந்து மேளகாரரை ஏற்றிக்கொண்டு வரும்போது கார் அடிக்கத் தொடங்கியது. பள்ளம் ஒன்றுக்கு ஒரு அடி என்று தொடங்கி, பிறகு பள்ளம் இல்லாத இடத்திலும் அடித்ததாம். பின்சீற்றில் இருந்த தவில்காரர் சாரதியின் தோளைத் தட்டியிருக்கிறார்.

"றைவர் அண்ணை, தனி ஆவர்த்தனம் உங்கடை காரே வாசிக்குது. என்னை உதிலை இறக்கிவிடுங்கோ, நான் வீட்டை போறன்."

பந்தலில் அது பெரிய பகிடி. அடுத்த நாள் மருதனார்மடம் சந்தியில் காருக்குத் 'தவில் கார்' என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் விழுந்த காரில் மாப்பிள்ளையும் ஏறமாட்டான், நோயாளியும் ஏறமாட்டான். சாரதி ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழையபடி லொறிக்குப் போனார். "கோவியாதையுங்கோ அக்கா," என்று மட்டும் சொன்னார்.

கராச்சுக்காரர் வந்து கழற்றினார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். பிழிந்து முறுக்கிய சீலைபோல ஒரு பக்கம் கிழிந்து தொங்கிய றப்பரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் என்றில்லாமல் சொன்னார்.

"தொங்கவிட்டு இறுக்கினால் உதுதான் வரும். நான் அண்டைக்கே சொன்னனான்." பிறகு கிணற்றடியில் நின்ற அம்மாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அக்கா, இன்னொரு செற் எடுத்துத் தாருங்கோ. காசு வேண்டாம், பூட்டித் தாறன்."

மீண்டும் பஸ். மீண்டும் அதே கடை. இந்த முறை வியாபாரம் முன்பே நடந்திருந்ததால் வாங்கில் இருக்கவேண்டி வரவில்லை.

"ஐயோ தங்கச்சி," என்றார் கடைக்காரர். "இன்னொரு செற் கிடந்ததுதான். போன கிழமை டிப்போவிலையிருந்து ஒரு போர்மன் வந்து கொண்டுபோட்டார். அதுதான் கடைசி."

அம்மா மேசையைப் பிடித்தபடி நின்றாள். எந்தப் போர்மன் என்று அவள் கேட்கவில்லை. டிப்போ என்றால் பெரிய இடம், அங்கே எத்தனையோ போர்மன் இருப்பார்கள் என்று நான் நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோர இருக்கையை அம்மா எனக்குத் தந்தாள்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா உறவினர் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு விஷயத்தை அவமானமில்லாமல் முடிக்கச் சாட்சிகள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எல்லோரும் கதிரையில் இருந்தார்கள். அம்மா கதவு நிலையோடு நின்றாள்.

"அண்டைக்கே சொன்னனான், உது பொம்பிளையளின்ரை வேலையில்லை எண்டு," என்றார் சித்தப்பா. "கத்தரிக்காய் பொறுக்கிற மாதிரி அமத்தி அமத்திப் புஷ் பொறுக்கினால் உப்பிடித்தான். பித்தளை போட்டிருந்தால் இண்டைக்கும் ஓடும்."

"அவ என்ன செய்வா, பாவம். அவவுக்கு என்ன தெரியும்?" என்றார் ஒருவர். அந்தப் பரிவுக்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கணக்குப் பாடத்தில் விடை தெரிந்த பிள்ளையைப் போல நான் முன்னுக்கு வந்தேன்.

"புஷ் நல்ல புஷ்! சித்தப்பாதான் தொங்கவிட்டு இறுக்கச் சொன்னவர். கராச்சுக்காரர் இறக்கிப்போட்டு இறுக்குவம் எண்டு சொல்லக் கேக்கேல்லை. நான் தானே மணி பாத்தனான்!"

சித்தப்பாவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது.

அம்மா இரண்டடி எடுத்து வைத்து என் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததில்லை. ஈர்க்கைக்கூட ஓங்கியதில்லை. பொய் சொன்னால்தான் அடி விழும் என்று நான் நம்பியிருந்தேன்.

"பெரியாக்கள் கதைக்கேக்கை வாய் காட்டுறியோ? சித்தப்பாட்டை மன்னிப்புக் கேள்."

கேட்டேன். காது இரைந்துகொண்டிருந்ததால் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"விடுங்கோ மச்சாள். பிள்ளைதானே," என்றார் சித்தப்பா. கோப்பை வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மன்னிக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டவரிடம் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இறந்தவரின் பெயரிலுள்ள வாகனத்தை மாற்றுவதற்கு வேண்டிய பத்திரங்களைப் பின்னாளில் நித்திரையிலும் சொல்லக்கூடியவளாக நான் ஆனேன். மரணச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதக் கடிதம், சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பம், அதற்கு மேலும் மூன்று நாலு. அன்று சித்தப்பா எல்லாவற்றையும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். கடிதத்தில் விலை என்று எழுதியிருந்த தொகையைக் கண்டு ஒரு உறவினர் இருமினார். அம்மா வாசித்துப் பார்த்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"தம்பி, மூத்தவளின்ரை காரியத்துக்கு அவையின்ரை அப்பா இல்லை. மாப்பிளை பாக்கிறது முதல் தாரை வாக்கிறது வரை நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு செய்யவேணும். இவ்வளவு பேருக்கும் முன்னாலை சொல்லுங்கோ."

சித்தப்பா சுற்றிப் பார்த்தார். சாட்சிகளைக் கூட்டிவந்தவர் அவர்தான்.

"அது என்ரை கடமையெல்லே, மச்சாள்."

அம்மா கையொப்பம் வைத்தாள். அக்காவின் கலியாணம் இரண்டு வருடத்தில் நடந்தது. சித்தப்பா முன்னுக்கு நின்று, ஒரு குறையும் வையாமல் நடத்தினார். இதையும் பதிவில் வைக்கவேண்டும். பத்திரங்களில் அந்த நிபந்தனையை எழுதுவதற்கு ஒரு கட்டமும் கிடையாது. முப்பத்தைந்து வருடச் சேவையில் நான் பார்த்த எந்தப் படிவத்திலும் அப்படியொரு கட்டம் இருக்கவில்லை.

அன்று மாலை கார் அடித்து அடித்து எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போனது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்று, அது சந்திக்குப் போய்ச் சேர முன் துண்டு துண்டாகக் கழன்று விழவேண்டும் என்று நேர்த்தி வைத்தேன்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், அம்மா குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையால் ஏ ஃபோட்டி போனது. சந்தியில் திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. அதில் விழுந்து எழும்பியது, சத்தம் வரவில்லை.

அம்மா தலையை உயர்த்தவில்லை. கத்தி மட்டும் ஒருகணம் நின்றது.

"இறக்கிப்போட்டு இறுக்கியிருக்கிறார்," என்றாள்.

நான் பென்சிலை வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னது அத்தனையும் உண்மை என்று, எனக்கு அடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அடிபட்ட கன்னம் திரும்பவும் சுடத் தொடங்கியது.

"அப்ப நான் சொன்னது சரியெண்டு தெரிஞ்சுகொண்டோ எனக்கு அடிச்சனீங்கள்?"

அம்மா கிணற்றடியில் நின்ற அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, உரித்த வெங்காயத்தைச் சுளகில் போட்டாள்.

"தெரியாட்டில் உனக்கு ஏன் அடிக்கப்போறன்?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. இப்படிப் பிழையாக ஒரு பதிலை அம்மா அதற்கு முன் எனக்குச் சொன்னதில்லை என்று நினைத்தேன். கொப்பியைத் தூக்கிக்கொண்டு, அவளுக்கு விளங்கவேண்டும் என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.